கூச்சம் கலையும் வகுப்பறை

விளையாட்டாக நடித்துப் பார்த்து ஒருவர் தம்மை அறிந்துகொள்ளும் பயிற்சிக்கு வேண்டியவை மிகக் கொஞ்சம். வெறும் தரை, ஒன்றரை மணி நேரம், வட்டமாக நிற்க இருபது முப்பது பேர், விதியைத் தெளிவாகச் சொல்லித் தரத் தெரிந்த ஒருவர். மேடையோ ஒப்பனையோ மனப்பாட வசனமோ தேவையில்லை. பார்வையாளர்களும் கிடையாது, வந்திருக்கும் எல்லோரும் ஆடுகிறவர்கள். நாடகக் கலையிலிருந்து பிறந்தாலும் இது நாடகம் போடுவதற்கான ஒத்திகை அல்ல. பத்துப் பேர் முன்னால் பேசும்போது தன் குரல் ஏன் உள்ளே போகிறது, யாராவது அதட்டினால் தன் தோள் ஏன் குறுகுகிறது, கூட்டத்தில் தான் முந்துகிறவரா ஒதுங்குகிறவரா என்பதையெல்லாம் ஒருவர் தம் உடம்பிலேயே கண்டுகொள்வதுதான் இதன் நோக்கம்.

தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இந்தப் பயிற்சி முறைப்படி நுழையக்கூடிய வாசல் பி.எட். வகுப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளால் பி.எட்., 2015-16 கல்வியாண்டு முதல் இரண்டாண்டுப் படிப்பானது. அதையொட்டி வந்த பாடத்திட்டச் சட்டகத்தில், ஆசிரியரின் தொழில்திறனை வளர்ப்பதற்கென நான்கு பாடங்கள் சேர்ந்தன. நூல்களை வாசித்துச் சிந்திப்பது ஒன்று, கல்வியில் நாடகமும் கலையும் இன்னொன்று, தகவல் தொழில்நுட்பம் மூன்றாவது. நான்காவது பாடத்தின் பெயரே தன்னைப் புரிந்துகொள்ளுதல். நாடகப் பாடத்தையும் இந்த நான்காவது பாடத்தையும் பிரித்து நடத்துவதில் அர்த்தமில்லை. முன்னது வழி, பின்னது போய்ச் சேரும் இடம். தன்னைப் புரிந்துகொள்வது எப்படி என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதை ரெக்கார்டு நோட்டில் வண்ணப் பேனாவால் எழுதி வாங்கினால் அந்தப் பாடம் நடந்ததாக ஆகாது. நாளைக்கு நாற்பது பிள்ளைகளின் முன்னால் நிற்கப்போகிறவருக்கு, தன் கோபம் எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வட்டத்தில் நடப்பது

பயிற்சிகளுக்கு ஒரு வரிசை உண்டு. எளிதானதிலிருந்து தொடங்கி, உடம்பு இளகிய பிறகே மனம் சம்பந்தப்பட்டவற்றுக்குப் போக வேண்டும். முதலில் பெயர் விளையாட்டு. ஒவ்வொருவரும் ஓர் அடி முன்னால் வந்து தம் பெயரைச் சொல்லி, தமக்குத் தோன்றிய ஓர் அசைவைச் செய்கிறார். வட்டம் முழுவதும் அதே பெயரை, அதே குரலில், அதே அசைவோடு திருப்பிச் செய்கிறது. மிகச் சாதாரணமான விளையாட்டு. ஆனால் வருகைப் பதிவேட்டில் தவிர வேறெங்கும் தன் பெயர் உரக்கச் சொல்லப்பட்டுக் கேட்டிராத பெண்ணுக்கு, முப்பது தொண்டைகள் அதைத் திருப்பிச் சொல்வது சிறிய விஷயமல்ல. முணுமுணுத்தால் முணுமுணுப்பே திரும்பி வரும் என்பதால், இரண்டாவது சுற்றில் குரல் தானாக உயர்கிறது. சத்தமாகப் பேசு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கண்ணாடி. இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் மெதுவாக அசைகிறார், மற்றவர் அவருடைய பிம்பமாக அதைச் செய்கிறார். பிறகு இடம் மாற்றிக்கொள்கிறார்கள். மூன்றாவது கட்டத்தில் யார் முன்னோடி, யார் பிம்பம் என்பது சொல்லப்படுவதில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே ஒன்றாக அசைய வேண்டும். இந்த மூன்றாவது கட்டத்தில்தான் பலருக்கும் தம்மைப் பற்றி ஏதோ ஒன்று பிடிபடுகிறது. எப்போதும் வகுப்புத் தலைவராக இருந்து பழகியவர் விட்டுக்கொடுக்க முடியாமல் தவிப்பார். எப்போதும் சொன்னதைச் செய்தே வளர்ந்தவர், ஓர் அசைவைத் தாமாகத் தொடங்கக் கையைத் தூக்கிவிட்டுப் பாதியிலேயே இறக்குவார். இரண்டையும் ஆசிரியர் சுட்டிக்காட்டக் கூடாது. அவர்களே பார்த்துக்கொண்டது போதும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு இன்னொருவர் விரல் நுனியைப் பிடித்து நடப்பது, பலர் சேர்ந்து ஓர் இயந்திரமாவது போன்றவை நம்பிக்கைக்கும் ஒத்திசைவுக்குமான விளையாட்டுகள். இயந்திரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில் ஊர் உள்ளே வரலாம். ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டியில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் ஒரு தறியாகிவிடுவார்கள். கம்பம், கூடலூர்ப் பிள்ளைகளுக்கு ஜீப் இருக்கிறது. அப்பகுதியிலிருந்தும் கோம்பை, தேவாரம், போடி ஊர்களிலிருந்தும் விடிவதற்கு முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஜீப்புகள் குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகின்றன. அந்த ஜீப்பை உடம்பாலேயே கட்டுங்கள் என்று சொன்னால், சக்கரம் யார், ஓட்டுநர் யார், பின்னால் நெருக்கிக்கொண்டு உட்காரும் பெண்கள் யார் என்பதை வகுப்பே தீர்மானிக்கும். சிரிப்பும் கும்மாளமுமாகத் தொடங்குவது, மெட்டு ஏறும் வளைவுகளில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாயும்போது வேறொன்றாக மாறும். அந்த ஜீப்பில் போய்வருகிறவர்களில் சிலர் அவர்களுடைய அம்மாக்கள்.

இங்கிருந்து சிலைப் பயிற்சிக்குப் போகலாம். சொல்லே இல்லாமல், மற்றவர்களின் கைகால்களை மெதுவாக அமைத்து, ஒரு நிலைமையைச் சிலையாக நிறுத்துவது இது. காலை ஐந்து மணிக்கு ஒரு வீடு என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு முன் ஒருவர், தூக்குவாளியோடு வாசலில் ஒருவர், போர்வைக்குள் ஒருவர், தம்பியை எழுப்பிக் குளிப்பாட்டப் போகும் சிறுமி ஒருத்தி. சிலை அமைத்தவரிடம் அடுத்த கேள்வி: இந்த வீடு எப்படி இருந்தால் நன்றாக இருக்கும்? அவர் இரண்டாவது சிலையை அமைக்கிறார். பிறகு முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போக யார் முதலில் அசைய வேண்டும் என்று கேட்கப்படுகிறது. நீண்ட விவாதத்திலும் வெளிவராத ஒன்று இந்த மூன்றாவது கேள்வியில் வெளிவந்துவிடும்.

சிலைக்குப் பிறகே பேச்சு. பாத்திர மாற்றத்தில் மகள் அம்மாவாகவும், மாணவர் தலைமையாசிரியராகவும், பேருந்தில் இடம் விடாதவர் நின்றுகொண்டு வந்தவராகவும் மாறுகிறார்கள். முன்கூட்டி எழுதிய வசனம் கிடையாது என்பதால், வாயில் வருவது அவரவர் வீட்டிலிருந்தே வருகிறது. அப்பாவாக நடிக்கும் பையன் முதல் வாக்கியத்திலேயே அதட்டலாம். ஏன் அதட்டினேன் என்று பிறகு அவனே யோசிப்பான். வேறொருவராக இருக்கும் அந்த ஐந்து நிமிடம் ஒரு மறைப்பு. மறைப்பு இருப்பதால்தான் உள்ளே இருப்பது வெளியே வரத் துணிகிறது.

எங்கிருந்து வந்தது

இந்தப் பயிற்சிகளில் பாதி, நாடகக்காரர்களுக்காக உண்டானவையே அல்ல. சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தில் நீவா பாய்ட் என்ற சமூகப் பணியாளர், புலம்பெயர்ந்து வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளை விளையாட்டின் மூலம் ஒன்றுசேர்த்தார். 1920களில் அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின், மொழி வேறு, ஊர் வேறான சிறுவர்களை நாடகத்துக்குள் கொண்டுவர விளையாட்டுகளையே கருவியாக்கினார். அவர் 1963இல் வெளியிட்ட நூல் இன்றும் நடிப்புப் பள்ளிகளின் அடிப்படைப் பாடம். நன்றாகச் செய்தாய், மோசம் என்று ஆசிரியர் சொல்லும் பழக்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். பாராட்டுக்குக் காத்திருப்பவர் விளையாட முடியாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

சிலைப் பயிற்சி பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் தந்தது. நாடு கடத்தப்பட்ட நிலையில் 1973இல் அவர் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் பணியாற்றினார். அங்கே கற்க வந்தவர்களில் பலருக்கு ஸ்பானிய மொழி வீட்டு மொழியாக இல்லை. சொல் தடுமாறும் இடத்தில் உடம்பு பேசட்டும் என்று அவர் செய்த ஏற்பாடு, பின்னாளில் ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்ற பெரும் முறையின் பகுதியானது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசிவிட்டுப் பள்ளிக்கு வந்து தமிழில் படிக்கும் பிள்ளைகள் உள்ள கம்பம் பள்ளத்தாக்குக்கு, இந்தப் பின்னணி அந்நியமானதல்ல.

தமிழ்நாட்டில் இதற்கு முக்கியமான வருடம் 1977. தேசிய நாடகப் பள்ளியின் நாடகப் பயிற்சி முகாம் அந்த ஆண்டு காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் நடந்தது; இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. முன்னின்று நடத்தியவர் பேராசிரியர் சே. இராமானுஜம். அன்றைக்கு காந்திகிராமமும் கம்பமும் ஒரே மதுரை மாவட்டம். திண்டுக்கல் 1985இலும் தேனி 1996இலும் தனியாகப் பிரிந்தன. முகாமில் பங்கேற்ற மு. இராமசுவாமி மறு ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். 1980இல் வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் பயிற்சி அளித்தார். நம்பிக்கை விளையாட்டுகளும் உடல் பயிற்சிகளும் தமிழ்க் குழுக்களிடையே பரவியதில் அந்த முகாமுக்கும் பங்குண்டு.

யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கான நாடகங்களையும் அரங்க விளையாட்டுகளையும் ஒரு தலைமுறை ஆசிரியர்களிடம் கொண்டுசேர்த்தார். இலங்கைப் பள்ளிகளில் நாடகமும் அரங்கியலும் பொதுத் தேர்வில் எழுதக்கூடிய பாடம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அதற்கு இன்னும் அந்த இடம் கிடைக்கவில்லை. இது வருத்தத்துக்குரிய இடைவெளி.

பள்ளத்தாக்கின் கூத்துமரபு

ஆட்டத்துக்கும் நடிப்புக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா சினிமாவுக்குப் போகுமுன் ஊர்த் திருவிழாக்களில் நண்பர்களோடு நாடகம் போட்டவர். பண்ணைப்புரம் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் இளையராஜா சேர்ந்தபோது அவருக்கு வயது 14. ஊர் ஊராகப் போய்ப் பாடிய அந்தப் பத்தாண்டுகள்தான் அவருக்கு முதல் பள்ளி.

கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் மதுரையிலிருந்து வரும் ஸ்பெஷல் நாடகம் இந்த விஷயத்தில் தனியாகப் பார்க்க வேண்டியது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பஃபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைக்கிறார்கள். முன்பின் ஒன்றாக நடித்திராதவர்கள்கூட ஒத்திகை இல்லாமல் இரவு மேடையேறி, விடியும்வரை வள்ளி திருமணத்தை நடத்திவிடுகிறார்கள். கதையும் பாட்டும் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்தவை. இடையில் வரும் தர்க்கம் அந்த நேரத்தில் அவரவர் நாவிலிருந்து பிறப்பது. எதிரில் இருப்பவர் எதைத் தருகிறாரோ அதை ஏற்று, அதன்மேல் ஒன்றைக் கட்டித் திருப்பித் தர வேண்டும். வகுப்பறை நாடகப் பயிற்சி கற்றுத்தர முயலும் திறனும் இதுவே. இந்தக் கலைஞர்களில் ஒருவரைப் பயிற்சி வகுப்புக்கு ஒருநாள் அழைத்து, தர்க்கம் எப்படி நகர்கிறது என்று காட்டச் சொன்னால், பாடநூல் நாற்பது பக்கத்தில் சொல்வது அரை மணியில் விளங்கிவிடும்.

ஆனால் மரபுக் கலைகளில் யார் எதை ஆடலாம் என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. ஒயிலாட்டம் வழக்கத்தில் ஆண்களுடையது. பள்ளி விழாக்கள்தான் அதில் பெண்களைச் சேர்த்தன. முளைப்பாரிக் கும்மி பெண்களுடையது. தேவராட்டம் கம்பளத்து நாயக்கர் சமூகத்தின் சொத்து. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற, சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளிலும், எந்தப் பையனுக்கு எந்த வேஷம் என்பதைத் தீர்மானித்தவர் வாத்தியார்தான். மரபு ஒருவருக்கு ஊரில் அவருடைய இடத்தைக் காட்டுகிறது. அந்த இடம் தனக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுப் பார்க்க மரபுக் கலையில் வழியில்லை. வட்டத்தில் நிற்கும் வகுப்பு கூடுதலாகத் தருவது அந்த ஒன்றைத்தான்: எந்த வீட்டுப் பெண்ணும் ராஜாவாகலாம், எந்தத் தெருப் பையனும் ராஜாவுக்கு உத்தரவு போடலாம், பத்து நிமிடம் கழித்து இருவரும் இடம் மாறலாம்.

எங்கே கெடுகிறது

இந்தப் பயிற்சி கெட்டுப்போகும் வழிகள் பல. அவற்றில் முதலாவது போட்டி. தமிழ்நாடு அரசு 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பாட்டு, கதை, பொம்மை, விளையாட்டு எல்லாவற்றையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. அது நல்ல தொடக்கம். அதே கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளுக்குத் தொடங்கிய கலைத் திருவிழா, மேடையே பார்த்திராத எத்தனையோ பிள்ளைகளை மேடையேற்றியது. அதுவும் வரவேற்க வேண்டியதே. இருந்தாலும் பரிசுக்காக ஆடுவதும் தன்னைத் தெரிந்துகொள்ள ஆடுவதும் வேறு வேறு. போட்டிக்குத் திறமையுள்ள ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதி முப்பத்தைந்து பேர் கைதட்டுகிறார்கள். வட்டப் பயிற்சிக்கு அந்த முப்பத்தைந்து பேர்தான் முக்கியம். நடுவர் மேசை ஒன்றை வட்டத்தருகே போட்டுவிட்டால், ஏற்கெனவே நன்றாக வருவதையே எல்லோரும் செய்வார்கள். தெரியாததைச் செய்து பார்க்க யாரும் துணியமாட்டார்கள்.

இரண்டாவது ஆபத்து கட்டாயப்படுத்துவது. வீட்டில் நடந்த துக்கமான சம்பவத்தை நடித்துக் காட்டு என்று மாணவரிடம் கேட்பது கொடுமை. பெரியவர்கள் நிறைந்த பி.எட். வகுப்பிலும் அது தவறு. பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் பெருந்தவறு. வேண்டாம் என்று சொல்லி வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கும் உரிமை முதல் நாளே அறிவிக்கப்பட வேண்டும். கதை எங்கள் வீடு என்று தொடங்காமல், ஓர் ஊரில் ஒரு வீடு என்று தொடங்க வேண்டும். ஆணும் பெண்ணும் கைகோப்பதில் தயக்கம் உள்ள வகுப்பில், ஒரு துண்டின் இரு முனைகளை இருவர் பிடித்துக்கொண்டு அதே பயிற்சியைச் செய்யலாம். பயிற்சி கெடாது, யார் வீட்டிலும் கேள்வியும் வராது. சாதி தெரிந்த ஊரில் ஜோடி சேர்ப்பதை மாணவர்களிடம் விடக் கூடாது. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரிப்பதே நல்லது. வேலைக்காரர், எசமான் பாத்திரங்களை யார் யாருக்குத் தருகிறோம் என்பதில் ஆசிரியருக்கு இரட்டைக் கவனம் வேண்டும். ஏற்கெனவே வெளியே சுமப்பதை வகுப்புக்குள்ளும் ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றிவிடக் கூடாது.

மூன்றாவதாக, இதை மருத்துவம் என்று எண்ணுவது. நடிப்பைச் சிகிச்சையாக்கிய யாக்கோப் மோரேனோ ஒரு மனநல மருத்துவர். அவர் உருவாக்கிய உளநாடகத்தை நடத்தத் தனிப் பயிற்சி வேண்டும். போர் நடந்த மட்டக்களப்பில் 1996 முதல் இயங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், காயப்பட்ட பிள்ளைகளை ஓவியமும் கதையும் விளையாட்டும் கொண்டு மெல்ல மெல்ல அணுகினார்கள். அங்கே அவசரம் இல்லை, பிள்ளை தானாக வரும்வரை காத்திருந்தார்கள். பள்ளி ஆசிரியர் அந்த வேலையைத் தாமே எடுத்துச் செய்ய முயலக் கூடாது. பயிற்சியின் நடுவே ஒரு பிள்ளை உடைந்து அழுதால், ஆட்டத்தை நிறுத்தி, அருகில் உட்கார்ந்து, தேவைப்பட்டால் உரிய ஆலோசகரிடம் அழைத்துப் போவதே அவர் கடமை.

ஆட்டத்துக்குப் பிறகு

நேரம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது கடைசிப் பகுதி. உண்மையில் வெட்டவே கூடாத பகுதி அது. ஆட்டம் முடிந்ததும் வேஷத்தைக் களைய வேண்டும். அவரவர் கைகாலை உதறி, தம் சொந்தப் பெயரை உரக்கச் சொல்லி, நடித்த பாத்திரத்திலிருந்து வெளியே வருகிறார்கள். அதட்டும் அப்பாவாக நடித்த பையனை மறுநாள் வகுப்பு அதே பெயரில் கூப்பிடாமல் இருக்க இது அவசியம். பிறகு வட்டமாக உட்கார்ந்து பேச்சு. என்ன நடந்தது என்பது முதல் கேள்வி, எந்த இடத்தில் கஷ்டமாக இருந்தது என்பது இரண்டாவது, இதுபோல வெளியே எங்கே நடந்திருக்கிறது என்பது மூன்றாவது. மூன்றும் அந்த வரிசையில்தான் வர வேண்டும். முதல் கேள்விக்கே பயிற்றுநர் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டால் மாணவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசாதபடி, ஒரு கல்லையோ பந்தையோ கையிலிருந்து கைக்கு மாற்றி, அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசுவது நல்ல பழக்கம். பேச விருப்பமில்லாதவர் அதை அடுத்தவரிடம் தந்துவிடலாம்.

பேச்சுக்குப் பிறகு பத்து நிமிடம் எழுத்து. இது ஆசிரியர் திருத்தாத, மதிப்பெண் இடாத நோட்டு. பி.எட். மாணவர் இரண்டு ஆண்டும் இதை எழுதிவந்தால், முதல் மாதத்துப் பக்கத்தையும் கடைசி மாதத்துப் பக்கத்தையும் சேர்த்து வைத்துத் தாமே படித்துப் பார்க்கலாம். தன்னைப் புரிந்துகொள்ளுதல் என்ற பாடத்துக்கு இதைவிட நேர்மையான தேர்வுத்தாள் இருக்க முடியாது.

பள்ளிகளுக்கு இதை எடுத்துச் செல்ல ஆள் வேண்டும். பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் உத்தமபாளையத்தில், பள்ளத்தாக்கின் நடுவிலேயே இருக்கிறது. ஆசிரியர்கள் அங்கே உட்கார்ந்து குறிப்பெடுப்பதைக் குறைத்து, எழுந்து வட்டத்தில் நின்று இந்தப் பயிற்சிகளைத் தாமே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். செய்து பார்க்காதவரால் செய்விக்க முடியாது. பள்ளியில் தேவைப்படுவது வேப்பமர நிழலோ காலியான ஹாலோ ஒன்று, வாரத்தில் ஒரு நாள். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் வட்டம் கூடிக் கூச்சம் கலைவதற்குள் மணி அடித்துவிடும் என்பதால், விளையாட்டுப் பீரியடையும் நன்னெறிப் பீரியடையும் அடுத்தடுத்து வைத்து ஒன்றரை மணி நேரமாக்கித் தர வேண்டும். கால அட்டவணையில் அந்த மாற்றத்தைச் செய்யத் தலைமையாசிரியர் ஒருவரே போதும்.